போனை எடுக்க இன்னொரு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே குறைந்த முதலீட்டில் செய்யக்கூடிய தொழில்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் வெப் ஹோஸ்டிங்கும் இருந்தது, அதாவது பிறருடைய வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் சர்வரில் (எந்நேரமும் நெட்டில் இருக்கும் கணினியில்) இடம் கொடுக்கும் தொழில். மாதம் இரண்டாயிரம் ரூபாய் கட்டி, சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் ரீசெல்லர் கணக்கு வாங்கினால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2017 முதல் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பண்ருட்டி முந்திரி வியாபாரிகள், விருத்தாசலத்தில் பீங்கான் பொருள் செய்பவர்கள், பாண்டியில் தங்கும் விடுதி நடத்துபவர்கள் என்று 140 பேர் என்னிடம் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு என் அக்கா மகன் வந்து, "சித்தி, நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தில் தொடங்கலாம், அது உண்மைதான். ஆனால் சர்வர் வாடகை டாலரில் போகிறது, நமக்கு வருவது ரூபாய். நான் தொடங்கியபோது டாலர் 65 ரூபாய் வாக்கில் இருந்தது, 2024 டிசம்பரில் 85-ஐத் தாண்டியது. சர்வரை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு முன்பு மாதம் ஒரே தொகைதான். 2019-இல் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். ஐந்து பேரைப் புதிதாகச் சேர்த்தால் செலவும் கூடவே ஏறுகிறது. வாடிக்கையாளரோ, "ஆன்லைனில் 99 ரூபாய்க்குத் தருகிறார்களே" என்கிறார். அது முதல் வருஷ விலை, ரினியூவலில் பாருங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிடுகிறார். இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. முள்ளோடையைத் தாண்டிப் பாண்டிக்குள் இருக்கும் வாடிக்கையாளர் என்றால் அதுவே மாநில எல்லை தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. சரி, கணக்கு வழக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

என்னை உண்மையில் உலுக்கியது வேறு. என் வாடிக்கையாளர்களில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. வெப்சைட்டைப் போட்டுக்கொடுத்தவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். படங்கள் மாறி மாறி ஓடுவதற்கு அதில் ஒரு பிளக்இன் (வெப்சைட்டில் சேர்க்கும் சின்ன மென்பொருள்) போட்டிருந்தார்கள், மூன்று வருஷமாக அதை யாரும் அப்டேட் செய்யவில்லை. அந்த ஓட்டை வழியாக எவனோ நுழைந்து, படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைலைப் போட்டுவிட்டான். இரவு பதினொன்றரை மணிக்குத் தற்செயலாக சர்வரைத் திறந்து பார்த்தேன். வெளியே போகக் காத்திருக்கும் மெயில் வரிசையில் 38,000 கடிதங்கள் நின்றன, எல்லாமே அந்த ஃபைல் அனுப்பிய குப்பை. ஃபைலை அழித்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, வரிசையைக் காலி செய்து முடிக்கும்போது மணி மூன்று.

வேலை அதோடு முடியவில்லை. ஒரே சர்வரில் இருக்கும் அத்தனை பேருடைய மெயிலும் ஒரே ஐபி முகவரியிலிருந்துதான் (நெட்டில் அந்த சர்வருக்கு உள்ள எண்) போகும். அந்த முகவரி, குப்பை மெயில் அனுப்புபவர்களின் பட்டியலான பிளாக்லிஸ்டில் ஏறிவிட்டது. மறுநாள் காலை பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். நெதர்லாந்துக்காரருக்கு விலை எழுதி அனுப்பியிருந்தார், அது ஸ்பேமில் போய் விழுந்திருக்கிறது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னால், "நான் எதையும் தொடவே இல்லையேம்மா" என்றார். தொடாமல் விட்டதால் வந்த வினை இது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. பட்டியலிலிருந்து எங்கள் முகவரியை எடுக்க நாலு நாள். அந்த நாலு நாளும் முந்திரி வியாபாரியின் மெயில்களை வேறு வழியில் நானே அனுப்பிக் கொடுத்தேன். இன்றும் அவர் என்னிடம்தான் இருக்கிறார். அந்த நம்பிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சர்வரில் இடம் கொடுப்பது ஒண்டுக்குடித்தனம் வைப்பது மாதிரி. ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் எல்லார் வீட்டிலும் தண்ணீர். இதை உங்கள் கட்டுரை சொல்லவில்லை.

பேக்கப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்கள் இருக்கும் கட்டடம்) தீப்பிடித்தது. அங்கேயே பேக்கப்பையும் வைத்திருந்த பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து நான் வேறு நாட்டில், வேறு கம்பெனியிடம் ஒரு பிரதி வைக்கிறேன். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு வெப்சைட்டை எடுத்துத் திரும்ப ஓடவைத்துப் பார்க்கிறேன். இதற்கு ஆகும் செலவை எந்த வாடிக்கையாளரிடமும் தனியாகக் கேட்க முடியாது.

அரசு விதியும் உண்டு. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி, ஹேக்கிங் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், சர்வரில் எப்போது என்ன நடந்தது என்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெயில் வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஆள் அந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை வேலை பார்க்க முடியும்?

அந்தக் கேள்விக்கு ஃபெஞ்சல் புயல் எனக்குப் பதில் சொன்னது. 2024 நவம்பர் 30 இரவு புயல் பாண்டிப் பக்கம் கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தது. என் சர்வர் மும்பையில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கரண்ட் இல்லை, நெட் இல்லை. அந்த வாரம் ஒரு ஆய்வுக்கூடத்தின் டொமைன் (வெப்சைட்டின் பெயர்) ரினியூவல். ஞாபகம் இருந்தது, செய்ய வழியில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஜெனரேட்டர் ஓடிய ஒரு லாட்ஜில் போனைச் சார்ஜ் போட்டு, வராண்டாவில் நின்று ஓடிபிக்காகக் காத்திருந்தேன். மூன்று முறை ஓடிபி தாமதமாக வந்து வீணானது. நாலாவது முறை பணம் போனது. சென்னையிலோ கோவையிலோ எனக்குப் பதில் அதைச் செய்ய ஒரு ஆள் இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

அக்கா மகனிடம் இதைத்தான் சொன்னேன். தாராளமாக ஆரம்பி, தனியாக ஆரம்பிக்காதே. வேறு ஊரில் இருக்கும், நீ நம்புகிற ஒருவரோடு சேர்ந்து ஆரம்பி. முதல் வருஷம் இருபது பேருக்கு மேல் சேர்க்காதே. டொமைனை வாடிக்கையாளர் பேரிலேயே பதிவு செய், உன் பேரில் வைத்துக்கொள்ளாதே.

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், விழுப்புரம், பாண்டி ஊர்களில் என்னைப் போல் ஒற்றை ஆளாக ஹோஸ்டிங் நடத்துபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மருந்துக்கடைகளில் இரவு முறை வைப்பது போல நாமும் வைக்கலாம். ஒருவர் ஊரில் புயல் என்றால், வீட்டில் கல்யாணம் என்றால், காய்ச்சல் என்றால் இன்னொருவர் போனை எடுக்கட்டும். தங்கள் நாளிதழ் இதை வெளியிட்டால் அவர்கள் கண்ணில் படும். முதல் முறை கூடிப் பேச மஞ்சக்குப்பத்தில் என் ஆபீஸ் மாடியில் பத்துப் பேர் உட்கார இடம் இருக்கிறது. இன்வெர்ட்டரும் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.