அப்பாவை வலியில்லாமல் வழியனுப்பியவர்களுக்கு

குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் அப்பாவைத் தெரிந்த எல்லாருக்கும் வணக்கம்.

பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், "பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கலாமே" என்றார்கள். அவர்களுக்குப் பதிலும் உதவியவர்களுக்கு நன்றியுமாக இதை எழுதுகிறேன்.

அப்பா காலமெல்லாம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று திருவனந்தபுரத்தில் சொன்னபோது, அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று உறவில் பெரியவர்கள் தடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா யாரோடும் வாதாடவில்லை. நேரே அப்பாவிடம், "உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று கேட்டார். "எல்லாம் சொல்லுங்க டாக்டரே, எனக்குக் கொடுக்கல் வாங்கல் கணக்கு கிடக்கு" என்றார் அப்பா. சிகிச்சை யாருக்கு நடக்கிறதோ அவரிடமே கேட்ட அந்த ஒரு கேள்விக்குத்தான் என் முதல் நன்றி. அப்பா கடன்களைத் தீர்த்தார், தங்கையோடு இருந்த பழைய பிணக்கையும் தீர்த்துக்கொண்டார்.

அடுத்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கான பாலியேட்டிவ் சிகிச்சையும், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சையும், அதில் உண்டு. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், அபினிலிருந்து வரும் மருந்து என்றதும் வீட்டில் எல்லாருக்கும் பயம். வலிக்கு அளவு பார்த்துக் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டார் என்று அக்கா பொறுமையாக விளக்கினார். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், மலச்சிக்கலுக்கான மருந்தும் கூடவே தர வேண்டும். இதையெல்லாம் அம்மாவுக்குக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதியே கொடுத்தார். ஒரு வட்டாரத்தையே சுற்ற வேண்டியவர் அவர். இன்னும் ஆள் போடக் கூடாதா என்று யாரிடம் கேட்பது?

நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்று போதைமருந்துச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகும் மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. சீட்டும் கையுமாக என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு அலைந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தண்ணீர் மெத்தை தந்த சர்ச் வாலிபர்களுக்கும், அம்மா கொஞ்சம் கண்ணயர ராத்திரி முழித்திருந்த சித்திக்கும் நன்றி. அப்பா கேட்ட அன்றே அக்கானி (பதநீர்) கொண்டுவந்த பனையேறி மாமாவை எப்படி மறப்பேன்! ரெண்டு மடக்குதான் குடித்தார். ஆனால் என்ன ஒரு சிரிப்பு!

நூலகக் கூட்டத்தில் 'லிவிங் வில்' பற்றி, அதாவது கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் பற்றி, பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி. கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. லிவிங் வில் எழுதவும் அதில் வழி வந்தது, ஆனால் அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து கட்டாயம். 2023-இல் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். தேற வழியில்லை என்றான பிறகு வென்டிலேட்டரும் குழாயும் வேண்டாம் என்று அப்பா எழுதினார். தன்னால் பேச முடியாமல் போனால் முடிவு சொல்ல அம்மாவையும் என்னையும் குறித்தார். நோட்டரி ஐயா வீட்டுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் இதன்படி நடக்க வேண்டும் என்றால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

கடைசி நாட்களில் அப்பா கஞ்சி வேண்டாம் என்றபோது, பட்டினி போடுகிறோம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கிவிடும், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், உதட்டை நனைத்தால் போதும் என்று நர்ஸ் அக்கா அவர்கள் முன்னாலேயே சொன்னார். மூச்சு வாங்கியபோது தலைமாட்டை உயர்த்தி, முகத்துக்கு நேரே மின்விசிறி வைக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அப்பா தன் கட்டிலில், நாங்கள் எல்லாரும் பக்கத்தில் இருக்கத்தான் போனார்.

மெத்தையைக் கழுவிக் காயவைத்து சர்ச்சில் கொடுத்துவிட்டோம். யாருக்காவது தேவைப்பட்டால் அங்கே கேளுங்கள். அப்பா எழுதிய லிவிங் வில் பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. மாதிரிக்கு வேண்டுமென்றால் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். அம்மாவும் தனக்கொன்று எழுத வேண்டும் என்கிறாள். நோட்டரி ஐயா, இந்தத் தடவையாவது பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.