2024-25 ஆண்டறிக்கை: சுரங்கம் தேடிப் போன கதையும் மத்த விஷயங்களும்

தலைவர் அண்ணாச்சி, பொருளாளர், செயற்குழுக்காரங்க, ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு வந்திருக்க உறுப்பினர்கள், கடைசி வரிசைல உக்காந்து மொபைல் பாத்துட்டிருக்க இளைஞர் அணி, எல்லாருக்கும் வணக்கம்.

மொதல்ல ஒரு விளக்கம் குடுத்துடறேன், ஏன்னா நம்ம கணக்கு பாக்குற ஆடிட்டர் சார் இதுக்காக ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. செலவு நோட்டுல "சுரங்கம் – ரூ.640"ன்னு ஒரு வரி இருக்கும். சங்கம் எங்கயும் தோண்டல சார். ரெண்டு டார்ச் லைட்டு, அதுக்கு பேட்டரி, ஒரு நைலான் கயிறு, அவ்வளவுதான். பொருளாளர் அவசரத்துல அப்படி எழுதிட்டாரு, அது என் கையெழுத்து இல்லைன்னு பதிவு பண்ணிக்கறேன்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, செப்டம்பர் செயற்குழுல வருடாந்திர டூர் எங்கன்னு பேச்சு வந்தது. வழக்கம் போல பாதி பேரு ஷிர்டி, பாதி பேரு மகாபலேஷ்வர். போன வருசமும் ஷிர்டி, அதுக்கு முந்தின வருசமும் ஷிர்டி, பாபாவே நம்மள பாத்து அலுத்துருப்பாரு. அப்ப இங்க மும்பை போரிவலில ஐ.சி. காலனி பக்கம் இருக்க நம்ம பெரியம்மா ஒருத்தங்க, கூட்டத்துல வாயே திறக்காதவங்க, "ஏன்யா, எங்க வீட்டுக்கு பின்னால குகைக்குள்ள சிவன் ஆடிக்கிட்டு நிக்காரு, முப்பது வருசமா பாக்கேன், நீங்க ஒரு ஆளாவது எட்டிப் பாத்திருக்கியளா?"ன்னு கேட்டாங்க. ஒருத்தரும் பேசல. நான் போரிவலில இருபத்தி ரெண்டு வருசம் இருக்கேன், அந்த குகை பேரு மண்டபேஷ்வர்னு ரிக்‌ஷாக்காரங்க சொல்லி கேட்டிருக்கேனே தவிர உள்ள போனதில்ல. அந்த நேரம் பாத்து துணைத்தலைவர், அந்த குகைல இருந்து நேஷனல் பார்க்குக்குள்ள புத்தர் குகைங்க இருக்க கான்ஹேரி மலை வரைக்கும் சுரங்கம் போகுது, என் மச்சினனே பாதி தூரம் போயிருக்கான்னு ஒரு குண்டு போட்டாரு. அதோட ஷிர்டி காலி.

டிசம்பர்ல முதல் ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு போரிவலி ஸ்டேஷன் மேற்குப் பக்கம் கூடினோம், 41 பேரு, அதுல குழந்தைங்க 9. ஏழு மணின்னா எட்டு. இட்லி, மிளகாப்பொடி, பெரியம்மா வீட்டுல இருந்து ஒரு தூக்கு நிறைய சுக்கு காபி.

குகைய பாத்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் ஏமாத்தம்தான், உண்மைய சொல்லணும்ல. சுத்தி பில்டிங், முன்னாடி வெத்து இடத்துல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க, அதுக்கு நடுவுல ஒரு பாறை, பாறைல தூணு, பாறைக்கு மேல கூரை இல்லாத கல்லுச் சுவரு. மேல இருக்கறது போர்ச்சுகீசியர் கட்டினது, கீழ இருக்கறது அதுக்கு பல நூறு வருசத்துக்கு முந்தி குடைஞ்ச சிவன் கோயிலு. ஆனா உள்ள போனீங்கன்னா, வெளிய இருக்க சத்தம் டக்குன்னு அமுங்கிடும். கண்ணு இருட்டுக்கு பழக ஒரு நிமிசம் ஆகும். கருவறைல லிங்கம், இப்பவும் பூஜை நடக்குது. அப்பறம் பக்கத்து அறைச் சுவருல பெரியம்மா சொன்ன ஆளு.

நாங்க எல்லாம் சிதம்பரத்து நடராஜரை எதிர்பாத்து போயிருந்தோம். தூக்கின திருவடி, கீழ முயலகன், சுத்தி தீ வளையம். இங்க அது எதுவுமே இல்ல. இவரு இடுப்ப வளைச்சு, கைய எல்லாம் வீசி, வேற தாளத்துக்கு ஆடறாரு, சுத்தி தேவர்கள் கூட்டமா நின்னு பாக்குறாங்க. பரதநாட்டியம் படிக்கிற நம்ம உறுப்பினர் பொண்ணு ஒண்ணு அங்கயே நின்னு அந்த இடுப்பு வளைவ செஞ்சு பாத்துச்சு, ஒரு தடவ இல்ல, நாலு தடவ, அப்பறம் "அங்கிள், இப்படி நின்னா வெயிட் மொத்தம் ஒரு கால்ல வருது, செதுக்கினவருக்கு டான்ஸ் தெரிஞ்சிருக்கு"ன்னு சொல்லுச்சு. இந்த வருசம் நான் கேட்டதுலயே நல்ல வாக்கியம் அதுதான். நமக்கு பழக்கமான அந்த ஆனந்த தாண்டவச் செப்புத் திருமேனி எல்லாம் சோழர் காலத்துல பரவினது, இந்த மும்பை பக்கத்துக் குகைங்க எல்லாம் அதுக்கு பல நூறு வருசம் மூத்தது.

அங்கதான் விழுப்புரத்து அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். குகைக் கோயில்னாலே பல்லவ ராஜா மகேந்திரவர்மன்தான் ஆரம்பம்னு அவரு கட்சி. அவரு ஊரு பக்கம் மண்டகப்பட்டுல அவன் குடைஞ்ச கோயில் இருக்கு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா சிவன் விஷ்ணுவுக்கு விசித்திரசித்தன் (அது அவன் பட்டப்பேரு) செஞ்சதுன்னு கல்வெட்டே வெட்டி வச்சிருக்கான், அது உண்மை, பெருமையும் கூட. ஆனா அது 7ஆம் நூற்றாண்டு ஆரம்பம் அண்ணே, இங்க ஜோகேஷ்வரி, எலிஃபண்டா எல்லாம் 6ஆம் நூற்றாண்டுலயே முடிச்சிட்டாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கடைசில அவரு, "அங்க கருங்கல்லுய்யா, உளி வழுக்கும், இங்க எரிமலைக் கல்லு, வெட்டுறது சுலபம்"னு சொல்லி சமாதானம் ஆனாரு. அதுவும் நியாயம்தான்.

சிலுவை பத்தி சொல்லணும். பாறைல ஒரு சிலுவையும் செதுக்கியிருக்கு. 1534ல வசாய், இந்த போரிவலி எல்லாம் இருக்க சால்செட் தீவு எல்லாம் போர்ச்சுகீசியர் கைக்கு போனப்பறம் அந்தோனியோ தோ போர்த்தோன்னு ஒரு பிரான்சிஸ்கன் சாமியாரு இந்த குகையவே கோயிலா, அதாவது சர்ச்சா மாத்திட்டாரு, மேல மடமும் கட்டினாங்க. அப்பறம் 1739ல மராட்டியத் தளபதி சிமாஜி அப்பாவோட படை வசாய் கோட்டைய பிடிச்சதும் போர்ச்சுகீசியர் கதை முடிஞ்சது, சிவன் திரும்பி வந்துட்டாரு. இது கொஞ்சம் சூடான விஷயம்னு எனக்கு பயம் இருந்தது, நம்ம சங்கத்துல எல்லா மதமும் இருக்கோம்ல. தூத்துக்குடிக்கார அண்ணன் ஒருத்தரு, பக்கத்து சர்ச்சுக்கு வாராவாரம் போறவரு, அவரே ஆரம்பிச்சாரு: "ஐ.சி. காலனின்னா என்னன்னு நினைச்சீங்க, அமலோற்பவ மாதா பேருதான். நம்ம பசங்களுக்கு அது பஸ் ஸ்டாப்பு பேரு." அப்பறம் அவரும் பெரியம்மாவும் ஒரே தூணுல சாஞ்சு உக்காந்து சுக்கு காபி குடிச்சாங்க. போட்டோ குரூப்புல இருக்கு.

சரி, சுரங்கம். பின்னால ஓரத்துல ஒரு இருட்டு அறை இருக்கு, அதுதான் வாசல்னு துணைத்தலைவர் சத்தியம் பண்ணாரு. கயிறு ஒரு முனை தலைவர் அண்ணாச்சி கைல, மறு முனை இளைஞர் அணி செயலாளர் இடுப்புல. வாசல்ல நாங்க பத்து பேரு மூச்ச பிடிச்சு நின்னோம். எட்டடி போயிருப்பான், "சுவரு வந்துருச்சு அண்ணே"ன்னு குரல். நல்லா பாருலேன்னாரு துணைத்தலைவர். "நல்லாத்தான் பாக்கேன், வவ்வால் எச்சமா இருக்கு, புது செருப்பு" அப்படின்னான். டார்ச்ச சாய்ச்சு அடிச்சப்பதான் ஒண்ணு தெரிஞ்சது, சுவரு முழுக்க உளித் தடம், சாய்வா, பக்கத்துல பக்கத்துல, சீப்பு வச்சு இழுத்த மாதிரி. நேரா வெளிச்சம் அடிச்சா எதுவும் தெரியல. அந்த 640 ரூபாய்க்கு இது ஒண்ணு போதும் ஆடிட்டர் சார். மச்சினன் எது வரைக்கும் போனாருங்கற விசாரணை இன்னும் நிலுவைல இருக்கு.

ஆனா துணைத்தலைவர ரொம்ப கேலி பண்ணவும் முடியல, ஏன்னா அப்பறம் வீட்டுக்கு வந்து படிச்சப்ப தெரிஞ்சது, இந்த சுரங்கக் கதைக்கு 400 வருசத்துக்கு மேல வயசு. இதே போர்த்தோ சாமியாரு இருக்காருல்ல, கான்ஹேரி மலைக்குள்ள வழி குஜராத்துல காம்பே வரைக்கும் போகுதுன்னு ஜனங்க சொல்றத கேட்டுட்டு, கயிறு, துப்பாக்கி, அரிசி, தண்ணி எல்லாம் கட்டிக்கிட்டு இருபது பேரோட ஏழு நாள் நடந்தாராம். வழியெல்லாம் அறை, அறைக்கு அறை தண்ணித் தொட்டி, முடிவே வரலையாம், சாப்பாடு தீரப் போகுதுன்னு திரும்பிட்டாராம். தியோகோ தோ கூத்தோங்கற போர்ச்சுகீசிய வரலாத்துக்காரரு எழுதி வச்சிருக்காரு. இருபது பேரு, கயிறு, சாப்பாடு, திரும்பி வர்றது, அப்படியே நம்ம டூரு. நம்ம ஊர்லயும் எந்த பெரிய கோயிலுக்கு போனாலும் இங்கிருந்து அரண்மனைக்கு சுரங்கம் போகுதுன்னு ஒரு தாத்தா சொல்லத்தான செய்வாரு.

அதனால ஜனவரில கான்ஹேரியும் போயே ஆகணும்னு ஆயிருச்சு. நேஷனல் பார்க் கேட்ல இருந்து உள்ள ஆறேழு கிலோமீட்டர். முழங்கால் வலிக்காரங்களுக்காக ஒரு டிராவல்ஸ்ல வேன் பேசி அட்வான்ஸ் குடுத்தோம், காலைல வேனும் வரல, போனும் எடுக்கல. அட்வான்ஸ் 1500 இன்னும் வரல, நாலு தடவ நேர்ல போயிட்டேன், இனிமே பொருளாளர் போகட்டும். பார்க் பஸ்லயே போயிட்டோம், அதுவே நல்லா இருந்தது.

நூத்துக்கும் மேல குகை, ஒரே மலைல. பாதிக்கு மேல வெறும் பிக்குங்க தங்கற அறைதான், கல்லுக் கட்டில் ஒண்ணு. பேருக்கு அர்த்தம் கருப்பு மலை, கிருஷ்ணகிரி. கிருஷ்ணன் பிராகிருதத்துல கண்ஹன், அதுதான் நமக்கு கண்ணன், இவங்களுக்கு கான்ஹேரி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரரு ஒருத்தரு நம்மகிட்ட இருக்காரு, அன்னைக்கு முழுக்க அவரு நடையே வேற.

மூணாம் நம்பர் குகை பெரிய சைத்தியம், அதாவது பிக்குங்க கூடி கும்பிடற மண்டபம். சாதவாகன ராஜா யக்ஞ ஸ்ரீ சாதகர்ணி காலம், 2ஆம் நூற்றாண்டு. ரெண்டு பக்கமும் தூணு, கோடில ஸ்தூபம், குழந்தைங்க கத்தினா திரும்பி கேட்குது, கத்தினாங்க, செக்யூரிட்டி திட்டினாரு. வாசல்ல ரெண்டு பக்கமும் நிக்கிற பெரிய புத்தர் சிலை, அது பின்னால சேத்தது. 41ஆம் நம்பர்ல பதினோரு தலை அவலோகிதேஸ்வரர், பௌத்தர்கள் கும்பிடற போதிசத்துவர். 90ஆம் நம்பர்ல பார்சிக்காரங்க வந்து பார்த்துட்டு பஹ்லவிங்கற பழைய பாரசீக எழுத்துல பேரு எழுதிட்டு போயிருக்காங்க, 1009லயும் 1021லயும். நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் முடியற நேரம், 1010. அப்பவும் டூர் வந்து சுவருல பேரு வெட்டியிருக்கான் மனுசன். நம்ம பசங்க யாரும் வெட்டலைன்னு உறுதி குடுக்கறேன், ஒருத்தன் சாவிய எடுத்தான், அவங்க அம்மா பாத்துட்டாங்க.

ஆனா எனக்கு மனசுல நிக்கறது தண்ணிதான். மலை மேல விழற மழைய பாறைல வெட்டின சின்ன வாய்க்கா வழியா இழுத்து, குகை குகைக்கு பக்கத்துல ஒரு தொட்டில விட்டிருக்கான். வாய்க்கா நம்ம விரல் அளவு ஆழந்தான் சில இடத்துல. ஜனவரிலயும் தொட்டில தண்ணி கிடந்தது. நம்ம சொசைட்டில டேங்கர் வரலைன்னா ரெண்டு நாள்ல சண்டை. பிளம்பர் வேலை பாக்குற நம்ம உறுப்பினர் அந்த வாய்க்காகிட்டயே குந்த வச்சு உக்காந்துட்டாரு, சாப்பிடக் கூட வரல, வாட்டம் எப்படி எடுத்திருக்கான் பாருங்க சார், லெவல் டியூப் இல்லாமன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. போர்த்தோ சாமியாரு பாத்த தண்ணித் தொட்டியும் இதுதானே.

இன்னொன்னு. இந்த கான்ஹேரிய யோசபாத்துங்கற புனிதரோட அப்பா, ஒரு ராஜா, மகன வெளி உலகம் தெரியாம அடைச்சு வளக்க கட்டினாருன்னு ஊர்ப் பெரியவங்க சொன்னதா அதே கூத்தோ எழுதறாரு. தூத்துக்குடி அண்ணன் இந்த புனிதர் கதைய கேள்விப்பட்டிருக்காரு. அந்த யோசபாத்துங்கற பேரே போதிசத்துவங்கறதுல இருந்து பல மொழி தாண்டி வந்ததாம், அதாவது புத்தரோட கதையேதான் ஐரோப்பா போய் புனிதர் ஆகி, கப்பல்ல திரும்ப வந்து புத்தர் குகைக்கே ஒட்டிக்கிச்சு. அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப ரெண்டு பக்கமும் கும்பிட்டா தப்பில்ல"ன்னாரு.

மத்த விஷயம். பொங்கல் விழா வழக்கம் போல நல்லா நடந்தது, பானை ஒண்ணு உடைஞ்சது. திருக்குறள் போட்டிக்கு 17 குழந்தைங்க, பரிசு பாத்திரம் குடுத்தோம், அடுத்த வருசம் வேற ஏதாவது குடுக்கலாம்னு தாய்மாருங்க கேக்கறாங்க. தமிழ் வகுப்பு சனிக்கிழமை நடக்குது, டீச்சரம்மா சம்பளம் வாங்காமத்தான் எடுக்கறாங்க, பசங்கள ஒழுங்கா அனுப்புங்க. ஹால் வாடகை ஏறிருச்சு. சந்தா பாக்கி 23 பேரு, பேரு வாசிக்க மாட்டேன், இங்கயே பத்து பேரு இருக்கீங்க.

அடுத்த வருசத்துக்கு ஜோகேஷ்வரி குகைன்னு செயற்குழு பரிந்துரை. யோகேஷ்வரி அம்மன் பேருலதான் அந்த ஏரியாவே இருக்கு, வீடுங்களுக்கு நடுவுல இறங்கி போகணும், மழைக்காலம் வேண்டாம், உள்ள தண்ணி நிக்கும். அங்க இருந்தும் ஒரு சுரங்கம் போகுதாம், துணைத்தலைவர் சொல்றாரு. டார்ச் ரெண்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு, கயிறு தலைவர் அண்ணாச்சி வீட்டு மாடில துணி காயப் போட்டிருக்கு, டூருக்கு முன்னாடி அவுத்து குடுத்துருங்க அண்ணாச்சி. பெரியம்மாவோட சுக்கு காபி தூக்கு யாரு வீட்டுக்கோ போயிருக்கு, மூடில பச்சை நூலு சுத்தியிருக்கும், எடுத்தவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டு வந்துருங்க.

இப்படிக்கு,
செயலாளர்