முன்னால் போன குரலுக்கும், அது காதில் விழும்படி செய்தவர்களுக்கும்

வணக்கம்.

இந்தப் பருவத்துப் போட்டிகள் முடிந்தன. பார்வைக் குறைபாடுள்ள நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக் குழு சார்பில் இந்த மடல். முடிவுப் பட்டியலில் வீரரின் பெயர் இருக்கும், பக்கத்தில் வழிகாட்டியின் பெயர் இருக்கும், அதோடு சரி. அந்தப் பட்டியலில் இடமில்லாதவர்களுக்கும் சேர்த்து இங்கே நன்றி சொல்கிறோம்.

முதலில் வழிகாட்டிகளுக்கு. பார்வை எவ்வளவு குறைவு என்பதை வைத்து வீரர்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். பார்வை அறவே இல்லாத அல்லது மிகக் குறைந்த என்எஸ்1 பிரிவில் ஓடுபவர் ஒளி புகாத கண்ணாடி அணிந்தாக வேண்டும். வழிகாட்டி இல்லாமல் அவர் புறப்படவே முடியாது. என்எஸ்2, என்எஸ்3 பிரிவுகளில் வழிகாட்டி வேண்டுமா என்பது வீரரின் விருப்பம். ஒன்றிரண்டு ஸ்கீ (சறுக்குப் பலகை) நீளம் முன்னால் போய்க்கொண்டே, மூச்சு முட்டும் மேட்டிலும் வழி சொல்லும் பேச்சை விடாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. அதற்கு வீரரைவிட நீங்கள் வேகமானவராக இருந்தாக வேண்டும். சமவேகக்காரராக இருந்தால் கடைசி மேட்டில் பேச மூச்சிருக்காது. கனடாவின் பிரையன் மெக்கீவர் 2002 முதல் 2022 வரை பாராலிம்பிக்கில் 16 தங்கம் வென்றார். அவற்றில் முதல் சிலவற்றுக்கு முன்னால் ஓடியது அண்ணன் ராபின். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஓடியவர் அவர்.

இறக்கத்தில் வேகம் மணிக்கு 50 கி.மீ.யைத் தொட்டால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். 'இடது' என்ற சொல் ஒரு விநாடி பிந்தினால் வளைவு அதற்குள் காலடிக்கு வந்துவிடும். ஆகவே எண்ணிக்கை முன்பே தொடங்குகிறது: 'மூன்று, இரண்டு, ஒன்று, இடது.' வளைவுக்குள் 'இடது, இடது, இன்னும் இடது, நேர்' என்று குரல் அறுபடாமல் வர வேண்டும். அங்கே நீங்கள் சும்மா இருந்தால், பின்னால் வருபவருக்கு அது 'எல்லாம் சரி' என்று கேட்காது. 'குரல் தொலைந்துவிட்டது' என்றுதான் கேட்கும். வளைவு எவ்வளவு என்று சொல்லக் கடிகாரம் உதவுகிறது: 'பதினொரு மணி' என்றால் லேசாக இடப்பக்கம், 'ஒன்பது மணி' என்றால் முழுக்க. இத்தனைக்கும் நடுவே உங்கள் காது பின்னால் இருக்கிறது. பனியில் கோல் குத்தும் சத்தம் தேய்ந்தால் இடைவெளி கூடிவிட்டது, வேகத்தைக் குறைக்க வேண்டும். சத்தம் நின்றே போனால் அவர் விழுந்திருக்கிறார்.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில் நடந்ததே போதும். பிறவியிலேயே பார்வையற்ற வெரேனா பென்டெலே, இடதும் வலதும் மாறிப்போன ஒரே கட்டளையால் சரிவில் விழுந்தார்; முழங்கால் தசைநார், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் அடிபட்டன. அடுத்த ஆண்டே வான்கூவர் பாராலிம்பிக்கில் புதிய வழிகாட்டி தாமஸ் ஃப்ரீட்ரிக்கின் பின்னால் ஓடி ஐந்து தங்கம் வென்றார். அப்படி விழுந்த பிறகும் இன்னொரு குரலை நம்பிச் சரிவில் இறங்கியதுதான் எங்களுக்கு அந்த ஐந்து தங்கத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஒலிக்கருவிகளைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு அடுத்த நன்றி. இடுப்பில் பின்பக்கம் பார்த்துக் கட்டிய ஸ்பீக்கர், வாயருகே மைக். சொல்லக் கேட்டால் எளிது. ஆனால் மைக் மூடியாக இருக்கும் ஸ்பஞ்சில் மூச்சின் ஈரம் உறைந்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். உலர்ந்த மாற்று ஸ்பஞ்ச் கையில் இருக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். புறப்படும்வரை அதைச் சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கீச்சிடும், அதற்கு இரண்டு படி கீழே நிறுத்த வேண்டும். வீரரின் காதை மூடும் தடித்த குல்லாயை மாற்றி மெல்லிய பட்டை கொடுத்ததும் நீங்கள்தான்.

ஸ்கீயின் அடிப்புறம் வழுக்க மெழுகு பூசும் மெழுகு அறைக்காரர்களே, உங்களுக்கு எப்போதும் இரட்டை வேலை. வீரரின் ஸ்கீ மட்டும் வழுக்கினால் போதாது. வழிகாட்டியின் ஸ்கீ அதைவிட வழுக்கினால் இறக்கத்தில் குரல் தூரம் போய்விடும். குறைவாக வழுக்கினால் பின்னால் வருபவர் முட்டிக்கொள்வார். மெழுகை உருக்கித் தேய்த்து, முழுக்க ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, தூரிகை போட்ட பின்பும் உங்கள் வேலை முடிவதில்லை. ஒரே சரிவில் இருவரையும் கோல் ஊன்றாமல் இறங்கவிட்டு, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, பிறகு ஸ்கீக்களை மாற்றிப் போட்டு மறுபடி இறக்குகிறீர்கள். உடல் எடையால் வரும் வித்தியாசம் எது, மெழுகால் வருவது எது என்று அப்போதுதான் பிரியும். ஸ்கீக்களை இணையாக வைத்து ஓடும் கிளாசிக் பாணிக்குப் பாதத்தின் கீழே பூசும் பிடிமெழுகு குறைந்தால் மேட்டில் கால் பின்னால் நழுவும். கூடினாலோ, வெப்பம் பூஜ்யத்தை ஒட்டிய புதுப்பனியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாழாய்ப்போன பூஜ்யத்தில்தான் உங்கள் தூக்கம் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

ஸ்கீக்கள் ஓடப் பனியில் இரட்டைப் பள்ளமாக இரவில் தடம் போடுபவர்களை யாரும் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் பதில் பாதத்தால் பாதையைப் படிப்பவருக்கு அந்த இரண்டு பள்ளங்கள்தான் எழுத்து. அவை உறைந்து இறுகச் சில மணி நேரம் தேவை. விடியலில் அவசரமாகப் போட்ட தடம் முதல் பத்துப் பேரிலேயே நொறுங்கிவிடும். கூர்மையான வளைவில் தடத்தை நிறுத்திவிடுகிறீர்கள், காலெடுத்துத் திரும்ப வேண்டும் என்பதற்காக. தடம் முடிந்தது என்று கால் சொல்ல, 'வலது' என்று குரல் சொல்ல, இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அப்படிச் சந்திக்கும்படி முந்தின நாளே வழிகாட்டிகளோடு பாதையை நடந்து பார்த்த உங்களுக்குத் தனி நன்றி.

வகைப்பாட்டுக்காகக் கண்களைச் சோதித்த மருத்துவர்களுக்கும், பிரிவுகளுக்கு இடையே போட்டி சமமாக இருக்க, ஓடிய நேரத்தைப் பிரிவுக்குரிய சதவீதத்துக்குக் குறைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கும் நன்றி. ஒரு பிரிவுக்கு 88 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 நிமிடம் ஓடியவரின் கணக்கு நேரம் 26 நிமிடம் 24 விநாடி. அதைப் பார்வையாளர்களுக்கு ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்கியதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

கடைசியாக, வேலிக்கு அப்பால் நின்ற நீங்கள். உற்சாகக் கூச்சல் எல்லா வீரருக்கும் இனிக்கும். ஆனால் இறக்கத்தின் அடியில் அது வழிகாட்டியின் குரலை விழுங்கிவிடும். அந்த வளைவில் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள். முன்னால் போனவர் தாண்டி, பின்னால் வந்தவரும் தாண்டி, 'நேர்' என்ற சொல் கேட்ட பிறகுதான் மணியை ஆட்டத் தொடங்கினீர்கள். அடுத்த பருவத்திலும் அதே வளைவில், அதே மணியோடு வாருங்கள்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவினர்