செனட்டில் இடம் காலியானால்...

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வாரிசு அரசியல் பற்றிய கட்டுரை படித்தேன். ஆடம்ஸ், ரூஸ்வெல்ட், கென்னடி, புஷ் என்று வெள்ளை மாளிகைக் குடும்பங்களையே அது சுற்றிவந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒரு இடம் காலியாகும்போது நடப்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

1960 இல் ஜான் கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் வென்றபோது, தம்பி எட்வர்டுக்கு வயது 28. செனட்டராக 30 ஆக வேண்டும். அண்ணன் விட்டுச்சென்ற செனட் இடத்தில் குடும்ப நண்பர் ஒருவரை நியமித்தார்கள். 1962 இல் தம்பி நின்று ஜெயித்தார்.

அலாஸ்காவில் இவ்வளவு காத்திருப்பும் இல்லை. 22 ஆண்டுகள் செனட்டராக இருந்த ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி, 2002 இல் மாநில ஆளுநர் தேர்தலில் வென்றார். அவர் விட்டுவந்த இடத்துக்கு ஆளைப் போடும் அதிகாரம் சட்டப்படி அவர் கைக்கே வந்தது. யாரைப் போட்டார்? சொந்த மகள் லிசாவை!

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2004 நவம்பரில் வாக்கெடுப்பு மூலம் ஆளுநரின் அந்த அதிகாரத்தையே பறித்தார்கள். அதே நாளில் லிசாவை ஜெயிக்கவும் வைத்தார்கள். இதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. ஆளைப் பிடித்திருந்தது, வந்த வழி பிடிக்கவில்லை. 2006 இல் தந்தை ஆளுநர் பதவிக்கு மறுபடி நின்றார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொந்தக் கட்சி நடத்தும் முதற்கட்டத் தேர்தலான பிரைமரியிலேயே மூன்றாம் இடம். 2010 இல் லிசாவும் பிரைமரியில் தோற்றார். அப்புறம் வாக்குச்சீட்டில் அச்சாகாத அவர் பெயரை மக்கள் கைப்பட எழுதி ஜெயிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகும் அவரை 'அப்பா போட்ட ஆள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீழவையான பிரதிநிதிகள் சபையில் இந்தக் குறுக்குவழி கிடையாது. இடம் காலியானால் தேர்தல்தான் என்கிறது அரசியல் சாசனம். மிச்சிகனில் ஜான் டிங்கெல் 1955 இல் இறந்தபோது, மகன் இடைத்தேர்தலில் நின்றுதான் உள்ளே வந்தார். 2015 வரை அவர், பிறகு அவர் மனைவி டெபி. 1933 இலிருந்து ஒரே குடும்பம் என்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மக்களிடம் கேட்டுத்தான் இருக்கிறார்கள். மக்கள் 'வேண்டாம்' என்று சொல்வதும் உண்டு. 2020 இல் மாசசூசெட்ஸ் செனட் பிரைமரியில் ஒரு கென்னடியே தோற்றார்.

செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது 1913 இல் வந்த 17 ஆவது திருத்தம். அதே திருத்தம், இடையில் காலியாகும் இடத்துக்குத் தற்காலிகமாக ஆளைப் போடும் அதிகாரத்தை மாநிலங்கள் ஆளுநருக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அலாஸ்கா மக்கள் செய்ததை மற்ற பெரும்பாலான மாநிலங்கள் ஏன் செய்யவில்லை என்று ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்