புளியரை எல்லைச் சாலைப் பெட்ரோல் பங்குகளில் தரச் சோதனையும் தமிழில் அறிவிப்புப் பலகையும் கோரி மனு

அனுப்புநர்
செங்கோட்டை, புளியரை, பண்பொழி பகுதி வாடகைக் கார் ஓட்டுநர்கள் சார்பில்,
செங்கோட்டை கார் நிறுத்தத்திலிருந்து.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

நாள்: 18.08.2025

பொருள்: செங்கோட்டை – புளியரை சாலையில் விற்கும் பெட்ரோலில் தண்ணீர் சேர்வதைச் சோதிக்கவும், ஆக்டேன் எண்ணையும் எத்தனால் அளவையும் தமிழில் எழுதி வைக்க ஆணையிடவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். 2006-லிருந்து செங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறேன். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள், சபரிமலைக்குப் போகிறவர்கள், புனலூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இவர்களை நம்பித்தான் எங்கள் ஓட்டம். வண்டிக்கு எந்த பெட்ரோல் போட வேண்டும் என்று பார்த்துப் போடுவது ஓட்டுநரின் பொறுப்பு. ஆனால் பங்கில் நிற்கும்போது, குழாயிலிருந்து வருவது என்ன என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. அதைத்தான் இந்த மனுவில் கேட்கிறோம்.

ஆடி முதல் வாரம், இரண்டு நாளாக விடாத மழை. காலை ஆறு மணிக்கு எல்லைச் சாலையில் ஒரு பங்கில் 15 லிட்டர் போட்டுக்கொண்டு, டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு புனலூருக்குக் கிளம்பினேன். எஸ் வளைவு ஏறும்போதே வண்டி இழுக்கவில்லை. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவுக்கு இறங்கும் வழியில் இரண்டு தரம் குலுங்கி நின்றேவிட்டது. அந்தப் பிள்ளை தன் துப்பட்டாவை அப்பா தலையில் போர்த்தி, குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றது. அரை மணி நேரம் கழித்து வந்த ஒரு ஜீப்பைக் கைகாட்டி அவர்களை ஏற்றிவிட்டேன். காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வேன் ஒன்றில் கயிறு கட்டி வண்டியைச் செங்கோட்டைக்கு இழுத்து வந்தோம்.

மெக்கானிக் டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துத் திண்ணையில் வைத்தார். கால் மணி நேரத்தில் பாட்டில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேலே பெட்ரோல். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு இளநீர் போல லேசாகக் கலங்கிய நீர். நடுவே கோடு போட்ட மாதிரி இருந்தது. “என்ன அண்ணாச்சி, தண்ணிய ஊத்திட்டு வந்திருக்கிய?” என்றார். என் டேங்கில் அதற்குமுன் ரிசர்வ் அளவுக்குத்தான் பெட்ரோல் இருந்தது. அன்று காலை அதே பங்கில் போட்ட ஓர் ஆட்டோவும் அதே நோயோடு அவரிடம் வந்தது. டேங்க் இறக்கி, பம்ப் மோட்டார் மாற்றி, பில்டர் மாற்றி, இன்ஜெக்டர் கழுவியதில் 7,400 ரூபாய் ஆனது. நாலு நாள் ஓட்டமும் போயிற்று.

இது ஏன் முன்பைவிட இப்போது பெரிய விஷயம் என்பதை ஆட்சியர் அவர்கள் கவனிக்க வேண்டும். வெறும் பெட்ரோலாக இருந்த காலத்தில் நிலத்தடி டேங்கில் தண்ணீர் இறங்கினால் அது அடியில் தனியாகத் தங்கும். இப்போது விற்பது எத்தனால் என்ற எரிசாராயம் 20 சதவீதம் கலந்த இ20. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஓரளவு வரை வெளியே தெரியாது. அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அடியில் இருப்பது குழாயில் வந்தால் வண்டி நிற்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கும் கேடுதான், ஏனென்றால் ஆக்டேனை, அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் தன்மையை, தூக்கிப் பிடித்த எத்தனால் அதிலிருந்து போய்விட்டது. மலை ஏறும்போது இன்ஜினில் ‘டொக் டொக்’ என்று தட்டும் சத்தம் கேட்பது அதனால்தான். மூடி சரியில்லாத, மழைநீர் தேங்கும் இடத்தில் உள்ள ஒரு டேங்க் போதும் இத்தனைக்கும். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்று வருடத்தில் பாதி நாள் மழை.

மறுநாள் பில்லோடு அந்தப் பங்குக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தண்ணீர் என் டேங்கிலேயே இருந்திருக்கும் என்றார். பில்டர் பேப்பர் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்றார். பேப்பர் இருந்திருந்தாலும் இந்தக் கோளாறு அதில் தெரியாது. அந்தப் பேப்பரில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும், கறை நின்றால் மண்ணெண்ணெய், டீசல் போன்றது கலந்திருக்கிறது என்று பொருள். தண்ணீரைக் கண்டுபிடிக்க அளவுகோலின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவி டேங்கின் அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும். அது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உரிய பேஸ்டாக இருக்க வேண்டும். அன்று காலை அப்படிப் பார்த்தார்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

அடர்த்தி எழுதும் பலகை அங்கே இருக்கிறது, அதில் தேதி பத்து நாளுக்கு முந்தையது. டேங்கர் கொண்டுவந்த பில்லில் உள்ள அடர்த்திக்கும், பங்கில் ஹைட்ரோமீட்டரில் எடுத்து 15 டிகிரிக்கு மாற்றிய அடர்த்திக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பது விதி. பழைய தேதி போட்ட பலகையை வைத்து இதை எப்படி ஒப்பிடுவது?

அப்புறம், ரகம் பற்றியும் சொல்ல வேண்டும். “அண்ணாச்சி, பவர் போடவா? மைலேஜ் கூடும்” என்று கேட்கிறார்கள். அது ஆக்டேன் எண் கூடின ரகம், லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். எங்களில் பாதிப் பேர் இதை நம்பி வருடக்கணக்காகக் காசைக் கரைத்திருக்கிறோம், நானும்தான். ஆக்டேன் எண் என்பது சக்தியின் அளவு அல்ல. இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு அது. டர்போ வண்டிக்கும் அழுத்தம் கூடின இன்ஜினுக்கும் உயர்ந்த எண் வேண்டும். என் வண்டியின் கையேட்டில் 91 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறது. அதற்கு 100 ஊற்றினாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் சாதாரணக் குழாயில் என்ன எண், விலை கூடின குழாயில் என்ன எண், அதிலும் எத்தனால் உண்டா என்று எந்தப் பங்கிலும் எங்கள் கண்ணில் படும்படி தமிழில் எழுதியிருக்கவில்லை.

என் வண்டி 2013-ல் வாங்கியது. கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரை என்றுதான் உள்ளது. இ20-க்கு ஏற்ற பொருட்களோடு வண்டிகள் வருவது 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான். பழைய கார்களுக்கு இ20-ல் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. நாங்கள் எத்தனாலை எதிர்க்கவில்லை. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயிக்கு அதில் வருமானம் உண்டு. ஆனால் என்ன ஊற்றுகிறோம் என்று தெரிந்தால்தானே ரப்பர் குழாயையும் பில்டரையும் முன்கூட்டியே மாற்றி வைக்க முடியும்.

எல்லையில் இருப்பதால் இங்கே கூட்டமும் அதிகம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி 3 ரூபாய் குறைந்தது. கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் கூடியது. அதனால் கொல்லம் மாவட்டத்து வண்டிகள் புளியரை இறங்கி வந்து டேங்க் நிறைத்துப் போகின்றன. கார்த்திகை பிறந்தால் ஆந்திரா, தெலங்கானா வண்டிகளும் சேரும். இவர்கள் வண்டி நின்றால் அது காட்டுச் சாலையில்தான் நிற்கும், கேட்பதற்கு யாரிடமும் திரும்பி வரமாட்டார்கள்.

எனவே அய்யா அவர்களிடம் கேட்பது இதுதான். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உள்ள 2005-ஆம் ஆண்டு பெட்ரோல், டீசல் ஒழுங்குமுறை ஆணை, அதிகாரம் பெற்ற அலுவலர் பங்கில் சோதித்து மாதிரி எடுக்க வழி செய்கிறது. மாவட்ட வழங்கல் அலுவலரையும் எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை அலுவலர்களையும் கூட்டி, செங்கோட்டையிலிருந்து புளியரை வரை உள்ள எல்லாப் பங்குகளின் நிலத்தடி டேங்குகளிலும் தண்ணீர் இருக்கிறதா என்று கார்த்திகை முதல் தேதிக்குள் ஒருமுறை சோதிக்க ஆணையிட வேண்டும். சொல்லாமல் வந்து, மழை பெய்த மறுநாள் காலையில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ஒவ்வொரு குழாயிலும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் சதவீதத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் கைநீளத் தூரத்தில் படிக்கும்படி ஒட்டச் சொல்ல வேண்டும். அடர்த்திப் பலகையில் அன்றைய தேதியும், அன்று காலை தண்ணீர் பார்த்த விவரமும் இருக்க வேண்டும். பில்டர் பேப்பரோ, அளவு சரிபார்க்க 5 லிட்டர் அளவைப் பாத்திரமோ கேட்டால் முகம் சுளிக்காமல் தரச் சொல்ல வேண்டும். அந்த அளவையின் முத்திரையைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் பார்க்க வேண்டும். வண்டி நின்றுபோனவர் அன்றே அழைத்தால் அன்றே வந்து மாதிரி எடுக்கிற அலுவலரின் எண் ஒன்று பலகையில் இருக்க வேண்டும். என் பாட்டிலை ஆதாரமாக யாரும் ஏற்கவில்லை. பங்கிலேயே சீல் வைத்து எடுத்த மாதிரிக்குத்தான் மதிப்பு, அது இரண்டு நாள் தாமதித்தால் டேங்கில் புது லோடு இறங்கியிருக்கும்.

பெட்ரோல் போட்ட பில், மெக்கானிக் பில், பாட்டிலின் புகைப்படம், ஓட்டுநர்கள் 23 பேரின் கையெழுத்து ஆகியவற்றை இணைத்துள்ளேன். அந்தப் பங்கின் பெயரை இதில் எழுதவில்லை. விசாரணை அலுவலர் கேட்டால் நேரில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைக் கார் ஓட்டுநர்,
செங்கோட்டை.