லாயத்துப் போர்டு

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் தாமதமானதற்குத் திட்டாதே. உன் மகனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவனிடம் சொல்.

வேலைக்கும் போய்க்கொண்டு குதிரையை எப்படிடி வளர்க்கிறீர்கள், வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். டொராண்டோவுக்குள் அதெல்லாம் விடமாட்டார்கள். வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ஒரு பண்ணை லாயத்தில் மாத வாடகை கொடுத்து எங்கள் ரோஸியை விட்டிருக்கிறோம். தீவனம், தண்ணீர், சாணி அள்ளுவது அவர்கள் பொறுப்பு, சவாரியும் மருந்தும் என் மகள் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் காலையில் தீவனம் வைப்பது ஒருவர், வெளியே மேய விடுவது இன்னொருவர், சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, சனி ஞாயிறு வேறு ஆள். எல்லாரும் குதிரைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான், அதில் குறையே சொல்ல முடியாது, ஒருவர் செய்தது அடுத்தவருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். குதிரையோ இரண்டாவது தடவை தீவனம் வைத்தாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

போன குளிர்காலத்தில் பக்கத்து ஸ்டால் குதிரைக்குக் கால் வலி. ப்யூட் என்று ஒரு வலி மருந்து, அளவு மீறினால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். சொந்தக்காரர் காலையில் கொடுத்துவிட்டு வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார், சாயங்கால ஆளின் போன் காரில் கிடந்திருக்கிறது, அவரும் கொடுத்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் தீவன அறைக் கதவில் போர்டு மாட்டினார்கள். குதிரை பெயர், தீவனம் எத்தனை கிலோ, மருந்து, குளிருக்குப் போர்த்தும் போர்வை, சாணி, யார், எத்தனை மணிக்கு. கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும், கொடுக்கப் போகிறேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. என்னைக் கேட்டால் வாட்ஸப் குழு வியாழக்கிழமை லாடக்காரர் வருகிறார் என்று சொல்வதற்குத்தான் லாயக்கு, மற்றபடி அதில் பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவில் மருந்தைத் தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டு மாட்டுக்கு ஒரு வேளை தள்ளிப்போனால் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். குதிரை அப்படியில்லை. உடம்புக்கு இரைப்பை சின்னது, வயிறு காலியாக இருந்தாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ காய்ந்த புல்லைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகவே போர்டில் நாங்கள் முதலில் பார்ப்பது சாணிக் கணக்கை, சிரிக்காதே!

ஜனவரியில் ஒரு சாயங்காலம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் எழுதி வைத்திருந்தாள்: "ரோஸி. சாணி ஒரே ஒரு குவியல், சின்ன சின்ன உருண்டை, காய்ந்திருக்கிறது. வாளியில் தண்ணீர் குறையவே இல்லை. புல் மிச்சம்." வாளியைச் சூடாக்கும் பிளக் கழன்று கிடந்ததை அதுவரை யாரும் பார்க்கவில்லை, மேலே பனிக்கட்டி, குளிர்ந்த தண்ணீரை அது குடிக்கவில்லை, தின்ற புல் குடலில் அடைத்துக்கொண்டது. மகள் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்த்தாள், சும்மா நிற்கும்போது நாற்பதைச் சுற்றி இருக்க வேண்டியது அறுபதுக்கு மேல் அடித்தது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் ஏற்றினார். நடுராத்திரிக்கு மேல் ரோஸி ஒரு பெரிய குவியலாகப் போட்டது, மைனஸ் பதினெட்டில் நின்றுகொண்டு நானும் மகளும் அதற்குக் கைதட்டினோம்.

போர்வை விஷயத்தில் நடக்கும் சண்டை மட்டும் சம்பந்தி சண்டையை மிஞ்சும். எத்தனை டிகிரிக்கு எது என்று ஆளுக்கொரு அபிப்பிராயம், அதற்குப் போர்டிலும் மருந்தில்லை.

அப்புறம், இந்த நாட்டுக் கொடியில் இருக்கிற மேப்பிள் இருக்கிறதே, அதில் சிவப்பு மேப்பிள் என்கிற வகையின் வாடிய இலையைத் தின்றால் குதிரையின் இரத்த அணுக்கள் உடைந்துபோகும், செத்தும் போகலாம். காற்றடித்த மறுநாள் வேலி ஓரமாக நடந்து விழுந்த கிளைகளை எடுத்துவிட்டு, "வேலி பார்த்தாச்சு" என்று எழுதாமல் ஒரு குதிரையையும் வெளியே விடக்கூடாது என்று இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அது என் யோசனைதான், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலையில் நீ வந்தால் கூட்டிப் போகிறேன். மூடிய ஷூ கொண்டு வா, செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். கேரட் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கடைசி ஸ்டாலில் இருக்கும் குட்டைக் குதிரைக்குக் குளம்பு நோய், இனிப்பு ஆகாது. அது உன்னைப் பார்த்துப் பட்டினி கிடப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும், நம்பிவிடாதே.

அன்புடன்,
கலா