வளைந்த சோல் ஷூ: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பில், புகார் எண், ஷூவின் போட்டோ எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. இருந்தும் ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் முதலிலிருந்து கதை கேட்கிறார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அடிப்பக்கம் வளைந்து, குதிகாலுக்குக் கீழே மெத்தென்று இருக்கும் உங்கள் மாடல்தான். தயாரித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போட்டுக்கொண்டு சும்மா நின்றாலே உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை அடக்கக் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருப்பது தொடையும் பின்புறமும் இறுகும் என்று! எனக்கு இறுகியது கெண்டைக்கால் மட்டும்தான், ராத்திரி தூக்கத்தில் பிடித்து இழுக்கும் அளவுக்கு. குதிகால் அமுங்கி விரல்பக்கம் தூக்கிக்கொள்வதால் எட்டி நடக்கவே பயம். படி இறங்கச் சுவர் வேண்டும். என் நடையே நாசமாகிவிட்டது.

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை என்னவென்று சொல்வது? ஷூவைக் கையால்கூடத் தொடவில்லை, பேனா முனையால் தள்ளிப் பார்த்தார். "வலிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார். உங்களுக்கு நடக்கத் தெரியலைன்னா ஷூ என்ன பண்ணும்?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போதாததற்கு, "சுகர் பேஷன்டுக்கே டாக்டருங்க இந்த மாதிரி வளைஞ்ச ராக்கர் சோல்தான் எழுதித் தர்றாங்க" என்று ஒரு பாடம் வேறு. ஐயா, அது விறைப்பான சோல். முன்பாதத்தில் விழும் அழுத்தத்தைக் குறைக்கத் தருவது, ஆளை ஆட்டிவைக்க அல்ல. பாதம் மரத்துப்போன ஒரு சர்க்கரை நோயாளி இவர் பேச்சை நம்பி உங்கள் ஷூவைப் போட்டு விழுந்தால் யார் பொறுப்பு?

இன்னொன்று, முன்பே சொல்லியிருக்க வேண்டும். இடது ஷூவை மேசையில் வைத்தால் உள்பக்கமாகச் சாய்கிறது. குதிகால் பஞ்சு ஒரு பக்கம் மட்டும் அமுங்கிவிட்டது. அதற்கும் "நார்மல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அதே மனிதர்தான்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக நான் தயங்கமாட்டேன். இப்படித் தசை இறுகும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த வழக்குகளில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் 2011இல் ரீபாக் 2.5 கோடி டாலரும், 2012இல் ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டன, இரண்டும் ஷூ கம்பெனிகள்தான். உங்கள் சட்டப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது. பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை, அதில் அச்சடித்த வாசகம் அப்படியே இருக்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போன் வேண்டாம். அந்தக் கவுண்டர்க்காரரிடம் மறுபடி போகச் சொல்லவும் வேண்டாம். ஷூ வேண்டுமென்றால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்